முகவரி: வி ஹோம்

சென்னை அரசு பொது மருத்துவமனைக்குப் பால்வினை நோய்ச் சிகிச்சைக்காக வந்த பெண்கள் பலரின் சீட்டுகளில் ஒரே முகவரி இருந்தது: வி ஹோம். தெருப் பெயர் இல்லை, கதவு எண் இல்லை. 1985ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள் அவை. ஆய்வேட்டுக்காக ரத்த மாதிரி தேடி அங்கே நடையாய் நடந்துகொண்டிருந்த ஒரு மருத்துவ மாணவி, இது என்ன இடம் என்று விசாரித்தார். விஜிலென்ஸ் ஹோம் என்றார்கள். பாலியல் தொழில் வழக்கில் பிடிபட்ட பெண்களையும் போக்கிடம் இல்லாதவர்களையும் வைத்திருக்கும் அரசுக் காப்பகம். ஜாமீன் எடுக்கப் பணம் இல்லாதவர்கள் போய்ச் சேரும் இடம்.

அந்த மாணவி செல்லப்பன் நிர்மலா. வயது 32. கிராமத்துக் குடும்பம், இரண்டு சின்னக் குழந்தைகள், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு. அவர் எடுத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது. இதைக் கண்டுபிடிப்புக் கதையாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். அது அந்தப் பெருமைக்குத் தகுதியானதுதான். நான் பார்க்க விரும்புவது நாற்காலியின் இன்னொரு பக்கத்தை. கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண் அந்த நேரத்தில் யார்? நோயாளியா, கைதியா, ஆய்வு மாதிரியா? கடத்தலிலிருந்து மீட்கப்பட்டவர்களையும் சாகக் கிடப்பவர்களையும் கவனிக்கிற செவிலியர்களும் மருத்துவர்களும் இன்றைக்கும் முட்டிக்கொள்ளும் கேள்விகள் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு நிகழ்வுக்குள் இருக்கின்றன.

நடந்தது என்ன

யோசனை நிர்மலாவுடையது அல்ல, அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமனுடையது. 1981 முதல் அமெரிக்காவில் வந்துகொண்டிருந்த எய்ட்ஸ் அறிக்கைகளை அவர் படித்துவந்தார். நம் ஊரில் அப்போது நிலவிய நம்பிக்கை வேறு. இது மேற்கத்தியர்களின் ஒழுக்கக்கேட்டு நோய், ஒருவனுக்கு ஒருத்தி என்று வாழும் நமக்கு வராது என்று பத்திரிகைகளே எழுதின. பம்பாய் போன்ற நகரங்களில் எடுத்துப் புனேயில் சோதித்த நூற்றுக்கணக்கான மாதிரிகளில் எதுவும் கிடைக்கவில்லை. சென்னையில் மட்டும் எப்படிக் கிடைக்கும் என்று நிர்மலாவும் தயங்கினார். சுனிதி விடவில்லை. 200 மாதிரிகள் என்று முடிவாயிற்று.

பம்பாய், கல்கத்தா போலச் சென்னையில் சிவப்பு விளக்குப் பகுதி என்று ஓர் இடம் கிடையாது. அதனால்தான் பொது மருத்துவமனையில் ஆரம்பித்து, சீட்டிலிருந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு விஜிலென்ஸ் ஹோமுக்குப் போனார். தினமும் காலையில் வேலைக்குப் போவதற்கு முன்னால் அங்கே. பஸ் காசும் பாரமாக இருந்த காலம் என்பதால் கணவர் ராமமூர்த்தி ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். கையுறை இல்லை, எந்தப் பாதுகாப்பும் இல்லை. மூன்று மாதத்தில் 80 மாதிரிகள் சேர்ந்தன. ஆய்வுக்கூடம் அமைக்கச் சுனிதிக்குக் கணவரும் வேறு சிலரும் உதவினார்கள். ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரம் என்ற தெளிந்த நீரை வைக்க இடமில்லாமல் நிர்மலா வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தார்.

ரத்தத்தில் வைரஸின் தடயம் இருக்கிறதா என்று பார்க்கும் எலைசா பரிசோதனை செய்ய அப்போது சென்னையில் வசதி இல்லை. 1986 பிப்ரவரியில் கணவனும் மனைவியும் ஐஸ் பெட்டியில் மாதிரிகளை எடுத்துக்கொண்டு இரவு ரயிலில் காட்பாடி போய், அங்கிருந்து ஆட்டோவில் வேலூர் சி.எம்.சி.க்குப் போனார்கள். வைரஸ் ஆய்வுத் துறைத் தலைவர் ஜேக்கப் ஜான், உதவிக்கு ஜார்ஜ் பாபு, எரிக் சிமோஸ் என்ற இரண்டு இளைஞர்களை ஒதுக்கியிருந்தார். காலை எட்டரைக்குத் தொடங்கிய வேலை மதியம் கரண்ட் போனதால் நின்றது. எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்து ஜார்ஜ் பாபு மூடியைத் திறந்தார், உடனே மூடினார். ஆனால் நிர்மலா பார்த்துவிட்டார். மாதிரிகள் இருந்த தட்டில் ஆறு குழிகள் மஞ்சளாகியிருந்தன, அதாவது ஆறு பேருக்கு வைரஸ் இருக்கிறது.

யாரிடமும் சொல்லக்கூடாது என்று சொல்லித்தான் அவர்களை ஊருக்கு அனுப்பினார்கள். சில நாட்களில் சுனிதி, நிர்மலா, வேலூர்க்காரர்கள் இருவர் என நால்வரும் விஜிலென்ஸ் ஹோமுக்குப் போய் அந்த ஆறு பெண்களிடம் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். சிமோஸ் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். எலைசா முடிவைச் சரிபார்க்கும் வெஸ்டர்ன் பிளாட் சோதனை அதை உறுதிசெய்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், பிரதமர் ராஜீவ் காந்தி, மாநில சுகாதார அமைச்சர் ஹண்டே என்று செய்தி மேலே போயிற்று. மே மாதம் ஹண்டே சட்டசபையில் அறிவித்தபோது சுனிதியும் நிர்மலாவும் பார்வையாளர் மாடத்தில் இருந்தார்கள்.

வடக்கேயிருந்து வந்த ஒரு பெண்மணி நம்மை அசிங்கமானவர்கள் என்கிறாரே என்று சுனிதிமீது கோபம் கிளம்பியது. அவர் பிறப்பால் மராட்டியர். சோதனையே தப்பு என்றும் சிலர் வாதிட்டார்கள். இதெல்லாம் சில மாதச் சத்தம்.

ரத்தம் கொடுத்தவர்கள்

பிரதமர் வரைக்கும் தெரிந்த அந்த முடிவின் நடுவில் இருந்தவர்கள் ஆறு பெண்கள். எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று அவர்களிடம் சொல்லவில்லை என்பதை நிர்மலாவே பின்னாளில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருக்கிறார். வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். சொன்னாலும் எய்ட்ஸ் என்றால் என்னவென்று புரிந்திருக்காது என்பது அவர் தரப்பு.

நிர்மலாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்கு நோக்கமில்லை. மறைக்காமல் சொன்னதாலேயே அவர்மேல் எனக்கு மரியாதை. ஆனால் "அந்தக் காலத்தில் விதிமுறை எதுவும் இல்லை" என்று சிலர் சொல்வது சரியல்ல. மனிதர்கள்மீதான ஆய்வுக்கான அறநெறிக் கொள்கையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980லேயே வெளியிட்டிருந்தது. உலக மருத்துவர் சங்கத்தின் ஹெல்சிங்கி அறிவிப்பு 1964இல் வந்தது. விதி இருந்தது. பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கும் அது பொருந்தும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

விஜிலென்ஸ் ஹோமில் இருந்த எல்லோரும் கடத்தி வரப்பட்டவர்கள் என்று சொல்ல முடியாது. வறுமையால் தாங்களே வந்தவர்கள் இருந்தார்கள், கணவன் கைவிட்டவர்கள் இருந்தார்கள். சட்டத்துக்கு அந்த வித்தியாசம் தேவைப்படவில்லை. ஆள் பிடிப்பது பாலியல் தொழிலுக்கு அழைத்த குற்றத்துக்காக. விலைக்கு விற்கப்பட்டவளும் பிடிபட்டாள், தானாக வந்தவளும் பிடிபட்டாள். விற்றவன் பெரும்பாலும் வெளியே இருந்தான். ஆறு பேரில் ஒருத்தி பதின்மூன்று வயதுச் சிறுமி, கடத்திக்கொண்டு வந்து இந்தத் தொழிலில் தள்ளப்பட்டவள் என்று சுனிதி பிற்காலப் பேட்டிகளில் சொன்னார். அவரை நுண்ணோக்கியிலிருந்து நோயாளிகள் பக்கம் திருப்பியது அந்தக் குழந்தைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பதின்மூன்று வயதுப் பெண் பால்வினை நோயோடு மருத்துவமனைக்கு வந்தால் அது மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பும் விஷயமா? போலீஸ் காவலில் வந்தாள், மருந்து வாங்கினாள், திரும்பிப் போனாள் என்றால் மருத்துவமனை கிருமியைக் கவனித்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரே முகவரி பத்துச் சீட்டில் வருவது, கூட வந்தவரே எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்வது, வயதைக் கேட்டால் ஒவ்வொரு முறையும் வேறு பதில் வருவது, ஆறின காயத்துக்குப் பக்கத்திலேயே புதுக் காயம் இருப்பது. இவற்றையெல்லாம் முதலில் பார்ப்பது டாக்டர் அல்ல, சீட்டு எழுதுபவரும் ஊசி போடும் நர்ஸும்தான். துணைக்கு வந்தவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு இரண்டு நிமிடம் தனியாகப் பேசுவது எந்த உபகரணமும் தேவைப்படாத வேலை.

மீட்பு என்ற பெயரில்

1986இல் இந்த நோய்க்கு மருந்தே கிடையாது. முதல் மருந்தான ஏ.இசட்.டி.க்கு அமெரிக்கா அனுமதி தந்ததே 1987இல்தான். ஆக, சோதனை முடிவு ஒரு சிகிச்சையின் தொடக்கமாக இல்லை. அது காவலை நீட்டிக்கும் காரணமாக ஆயிற்று. சட்டப்படி இருக்க வேண்டிய காலம் முடிந்த பிறகும், வெளியே விட்டால் பரப்புவார்கள் என்று சொல்லி, வைரஸ் இருந்த பெண்களைக் காப்பகத்திலேயே வைத்திருந்தார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் இதைக் கேள்விப்பட்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 1990இல் அவர்கள் வெளியே வந்தார்கள். தெற்கிந்திய எய்ட்ஸ் செயல்திட்டம் என்ற அமைப்பை நடத்தி, பாலியல் தொழிலாளர்களோடு நீண்ட காலம் வேலை செய்தவரும் இவர்தான்.

அதே 1990இல் பம்பாயின் பாலியல் தொழில் விடுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழ்ப் பெண்களை மீட்டு, தனி ரயிலில் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். ரயிலுக்கு வைத்த பெயர் முக்தி எக்ஸ்பிரஸ். வந்து இறங்கியவர்களுக்கு நடந்தது முக்தி அல்ல. சம்மதம் கேட்காமல் எச்.ஐ.வி. சோதனை, அதன் பிறகு காப்பகம்.

கோவாவில் டொமினிக் டிசோசாவுக்கு நடந்ததோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ரத்த தானம் செய்தபோது வைரஸ் தெரியவந்த அந்த இளைஞரை 1989இல் போலீஸ் பிடித்துப் பழைய காசநோய் மருத்துவமனையில் 64 நாள் தனியாக அடைத்து வைத்தது. அவருக்குத் தாய் இருந்தார், நண்பர்கள் ஊர்வலம் போனார்கள், நாடே பேசியது. தாய் லூசி டிசோசா தொடர்ந்த வழக்கில் தனிமைப்படுத்தும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்றுதான் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது, அது வேறு விஷயம். விஜிலென்ஸ் ஹோம் பெண்களுக்காக ஊர்வலம் போக யாரும் இல்லை.

நேபாளத்தில் 1996இல் இதே கதை இன்னும் கசப்பாக நடந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் மும்பை விடுதிகளில் போலீஸ் நடத்திய பெரிய அதிரடிச் சோதனையில் மீட்கப்பட்டவர்களில் நிறையப் பேர் நேபாளிகள், பலர் சிறுமிகள். எய்ட்ஸைக் கொண்டுவருவார்கள் என்று பயந்து அவர்களைத் திரும்ப ஏற்க அந்நாட்டு அரசு முன்வரவில்லை. மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு, தொண்டு நிறுவனங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கூட்டிக்கொண்டு போயின. அனுராதா கொய்ராலா 1993இல் தொடங்கிய மைத்தி நேபாள் அவற்றில் ஒன்று. மைத்தி என்றால் பிறந்த வீடு. பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. அங்கே மறுவாழ்வு இல்லத்தோடு கூடவே சாகக் கிடப்பவர்களுக்கான இல்லமும் கட்ட வேண்டியிருந்தது. தையல் கற்றுக்கொடுக்கக் கூட்டி வந்த பெண்ணுக்கு முதலில் தேவைப்பட்டது படுக்கை.

கூட யார் வந்திருக்கா?

சென்னை மின்சார ரயிலில் போகிறவர்களுக்குத் தாம்பரம் சானடோரியம் ஒரு ஸ்டேஷன். டாக்டர் சௌரிமுத்து 1928இல் காசநோயாளிகளுக்காக அங்கே தொடங்கிய மருத்துவமனைதான் பெயர்க் காரணம். பிற்பாடு அரசு எடுத்துக்கொண்டது. 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளை உள்நோயாளிகளாகச் சேர்த்துக்கொண்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிய காலம் அது. அதனால் ஆந்திராவிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள், நாட்டிலேயே மிகப் பெரிய எய்ட்ஸ் சிகிச்சை இடங்களில் ஒன்றாக அது வளர்ந்தது. அங்கே கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் தெய்வநாயகம் சித்த மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்: ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம். அது வைரஸை ஒழித்ததாக நிரூபணம் ஆகவில்லை. ஆனால் கொடுக்க எதுவுமே இல்லாத வார்டில், தினமும் ஒருவர் பக்கத்தில் வந்து, தொட்டுப் பார்த்து, கையில் எதையாவது வைத்துவிட்டுப் போவது சின்ன விஷயமில்லை.

வைரஸை அடக்கிவைக்கப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து வருவதற்கு முன்னால் எய்ட்ஸ் மரணம் என்பது என்ன? நுரையீரலில் காசநோய். நிற்காத வயிற்றுப்போக்கு. தண்ணீர்கூட விழுங்க முடியாதபடி வாயிலும் தொண்டையிலும் வெள்ளைப் படலம். மூளை உறையில் பூஞ்சை இறங்கினால் மண்டையைப் பிளக்கும் தலைவலி. இதில் பாதி நர்ஸின் வேலை: வாயைத் துடைப்பது, ஈரத் துணியை மாற்றுவது, திருப்பிப் படுக்க வைப்பது, உப்பு சர்க்கரைக் கரைசலை ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டுவது. வலிக்கு மார்பின் வேண்டும். அதுவும் இல்லை. 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியில், நூற்றுக்கணக்கான கிலோவாக இருந்த நாட்டின் மருத்துவ மார்பின் பயன்பாடு 1997இல் வெறும் 18 கிலோவுக்கு விழுந்தது. வைரஸ் கண்டுபிடிக்கப்பட்ட காலமும் வலிமருந்து மறைந்த காலமும் ஒன்று. கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் வலிநிவாரண சங்கத்தை ஆரம்பித்தது 1993இல். உரிமச் சிக்கலை நாடு முழுவதற்கும் ஒரே சீராகத் தளர்த்திய சட்டத் திருத்தம் 2014இல்தான் வந்தது.

அரசு ஆஸ்பத்திரி வார்டில் நோயாளியைச் சேர்த்ததும் வரும் முதல் கேள்வி, "கூட யார் வந்திருக்கா?" அட்டெண்டர் இல்லாமல் சாப்பாடு வாங்க முடியாது, ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போக முடியாது, கடைசியில் உடலை வாங்கவும் ஆள் வேண்டும். நம் ஊர் முழு மருத்துவமும் குடும்பம் என்ற ஒன்று பக்கத்தில் நிற்கிறது என்ற நினைப்பில் கட்டப்பட்டது. குணமாக்க முடியாத நோயில் வேதனையைக் குறைக்கும் நோய்த் தணிப்புச் சிகிச்சை அதைவிட ஒரு படி மேலே போய், நோயாளியையும் குடும்பத்தையும் சேர்த்தே கவனி என்கிறது. பாடப் புத்தகத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. விற்கப்பட்ட பெண்ணிடம் இந்த ஏற்பாடு அப்படியே தலைகீழாகிறது. விற்றதே மாமனாகவோ, சித்தியாகவோ, கணவனாகவோ இருக்கலாம். நோயாளிக்குச் சொல்லாமல் குடும்பத்தாரை ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்வது நம் டாக்டர்களின் பழக்கம். அன்பினால் செய்வதுதான். இவள் விஷயத்தில் அது அவளை மறுபடி அவர்கள் கையில் ஒப்படைப்பது. "வீட்டுக்குப் போகணும்" என்று அவள் சொன்னால், எந்த வீடு என்று கேட்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். யாரைப் பார்க்க ஆசை, யாரை உள்ளே விடக்கூடாது என்று இரண்டையும் அவளிடமே கேட்டு எழுதி வைக்க வேண்டும். தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொட வேண்டும். கதவை வெளியிலிருந்து தாழிடக்கூடாது. வேறு வார்டுக்கு மாற்றுவதை முன்கூட்டிச் சொல்ல வேண்டும். இவ்வளவு காலம் அவளை யார் யாரோ சொல்லாமல்தான் இடம் மாற்றியிருக்கிறார்கள்.

சுனிதி சாலமன் அரசு வேலையை விட்டு வந்து 1993இல் தந்தை பெயரில் ஒய்.ஆர். கெய்டோண்டே மையத்தைத் தொடங்கினார். சோதனை, சிகிச்சை, கவுன்சலிங் மூன்றையும் ஒரே கூரைக்குள் வைத்தார். சோதனைக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்து பேசுவது அங்கே வேலையின் பாகம். 1986இல் காப்பகத்தில் விட்டுப்போனது அதுதான் என்று எடுத்துக்கொண்டால் தவறில்லை. 2001இல் சிப்லா என்ற இந்திய மருந்து நிறுவனம் கூட்டு மருந்தின் விலையை நாளைக்கு ஒரு டாலருக்கும் கீழே இறக்கியது. 2004 ஏப்ரல் 1 முதல் எட்டு அரசு மையங்களில் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள், தாம்பரம் அதில் ஒன்று. சாக வந்த வார்டு மாத்திரை வாங்க வரும் இடமாக மாறியது. சுனிதி 2015இல் காலமானார், 2017இல் பத்மஸ்ரீ வந்தது. நிர்மலா 1987 மார்ச்சில் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் தடுப்பூசித் தயாரிப்புக்குப் போனார். 2010இல் ஓய்வு பெற்றார். அவர் பெயர் வெளியே பேசப்பட முப்பது வருஷம் ஆயிற்று.

இன்று அதே மாதிரிகளை எடுத்தால்

2017இல் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டத்தின்படி, விவரம் சொல்லிச் சம்மதம் வாங்காமல் சோதனை செய்யக்கூடாது. முன்னும் பின்னும் ஆலோசனை கட்டாயம். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் "நம்பிக்கை மையம்" என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள், அங்கே நடப்பது இது. நோய்ப் பரவலைக் கணக்கெடுக்கும் ஆய்வுக்கு ஒரு விலக்கு உண்டு: யாருடைய ரத்தம் என்று தெரியாதபடி எடுக்கலாம். அப்போதும் ஆய்வின் நோக்கத்தைச் சொல்ல வேண்டும். நிர்மலாவின் 80 மாதிரிகள் இந்த விலக்கின் ஓரத்தில் வரும் என்று ஒருவர் வாதாடலாம். ஆறு பேரை அடையாளம் கண்டு மறுபடி ரத்தம் எடுக்கப் போன கணத்தில் அந்த வாதம் முடிந்துவிடுகிறது. அந்தக் கணம் முதல் அவர்கள் நோயாளிகள்.

காப்பகங்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் ஓர் உத்தரவு போட்டது. விருப்பத்துக்கு மாறாக வைக்கப்பட்டிருக்கும் வயதுவந்த பெண்களைக் கணக்கெடுத்து, காலக்கெடு வைத்து விடுவிக்க நடவடிக்கை எடுக்கச் சொன்னது. விஜிலென்ஸ் ஹோம் வழக்கு முடிந்து முப்பத்திரண்டு வருஷம் கழித்தும் இதைச் சொல்ல வேண்டியிருந்தது.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. ஹண்டே சட்டசபையில் அறிவித்த அதே 1986இல் நாடாளுமன்றம் பழைய கடத்தல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, 15ஆம் பிரிவில் 5ஏ என்று ஒரு துணைப்பிரிவைச் சேர்த்தது. விடுதியிலிருந்து மீட்டு மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்படும் ஆளைப் பதிவு பெற்ற மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்கிறது அது. எதற்காக என்பதையும் வரிசையாகச் சொல்கிறது: வயதைத் தீர்மானிக்க, பாலியல் கொடுமையால் ஏற்பட்ட காயம் இருக்கிறதா என்று பார்க்க, பால்வினை நோய் இருக்கிறதா என்று பார்க்க. இன்றைக்கும் அமலில் இருக்கும் பிரிவு. அவளிடம் சம்மதம் கேட்பது யார், முடிவை அவளிடம் சொல்வது யார் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை.